ஓடும் கணினிக்குக் கட்டாய ஓய்வா?

அத்திப்பட்டு, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தின் சிறு பட்டறைகளில் ஜிஎஸ்டி பில், டேலி கணக்கு எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே கணினிதான். அதில் இருப்பது 2017இல் வந்த இன்டெல் ஏழாம் தலைமுறைச் சிப் என்றால், 2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11 அதை ஏற்காது. ஓரிரு விதிவிலக்குகள் உண்டு. பழைய விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. புதிய சிப்போடு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும் விண்டோஸ் 11 கேட்பது பாதுகாப்புக்காகத்தான் என்கிறார்கள். சரி, பாதுகாப்பு வேண்டும்தான். அதற்காக நன்றாக ஓடும் கணினியைக் காயலான் கடைக்குத் தள்ளச் சொல்வது அடாவடி. பழைய லேத்தையே பழுதுபார்த்து ஓட்டும் சிறுதொழில்காரருக்கு இது வீண்செலவு. மென்பொருள் ஆதரவு எந்த ஆண்டுவரை என்று கணினிப் பெட்டியிலேயே அச்சிட வேண்டும். அரசு அதைச் சட்டமாக்க வேண்டும்.