பாட்டு கேக்காதவன் ஆடக்கூடாதா?

1/ கலைத் திருவிழா ஒத்திகை ஆரம்பிச்சா சென்னிமலையில் எந்த அரசுப் பள்ளிப் பக்கம் போனாலும் கும்மிப் பாட்டுதான். நல்ல விஷயம். ஆனா அந்த நேரத்தில் காது கேட்காத பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்குன்னு பாத்திருக்கீங்களா? கொஞ்சம் கோபமாத்தான் எழுதறேன், பொறுத்துக்கங்க.

2/ சான்றிதழுக்காக ஒரு அம்மா பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. ஒன்பதாவது படிக்கிறான். "டான்ஸுல சேத்திக்கவே மாட்டீங்கறாங்க டாக்டர். பாட்டே கேக்காதவன் என்னத்த ஆடறதுங்கறாங்க"ன்னாங்க. எந்தப் பள்ளிங்கறது இங்கே வேண்டாம். அந்தக் கேள்வி நம்மில் பல பேர் மனசில் இருக்கு. அதுக்குத்தான் இந்தப் பதில்.

3/ முதல்ல மருத்துவம். காது கேட்காதுன்னா முழு நிசப்தம்னு அர்த்தம் இல்லை. பலருக்குத் தாழ்ந்த ஒலிகள் ஓரளவு கேட்கும். அதுவும் கேட்காதவங்களுக்குக்கூட பறை, ஜமாப் அடிச்சா அதிர்வு நெஞ்சிலும் காலிலும் தெரியும். கோயில் நோம்பியில் மேளத்துக்குப் பக்கத்தில் நின்னவங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஸ்காட்லாந்தின் எவலின் கிளென்னி 12 வயதுக்குள் கேட்கும் திறனைப் பெருமளவு இழந்தவர். இன்று உலகம் அறிந்த தாளக் கலைஞர். அதிர்வு தெரியணும்னு வெறுங்காலோடு வாசிப்பார்.

4/ 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக் நிறைவு விழாவில் சீனக் கலைஞர்கள் 'ஆயிரம் கைகள்' நடனம் ஆடினாங்க. எல்லாருமே காது கேளாதவர்கள். ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா நின்னு, ஒரே உடம்பில் நூறு கை முளைச்ச மாதிரி விரிப்பாங்க. எப்படி முடிஞ்சுது? மேடையோரம் நின்னு பயிற்சியாளர்கள் சைகையில் தாளம் காட்டினாங்க. அவ்வளவுதான்.

5/ நம்ம கும்மி அதைவிடச் சுலபம். வட்டமா நின்னு ஆடற ஆட்டம். எதிர்ல இருக்கறவங்க கையும் காலடியும் கண்ணில் படும். முன்னாடி ஒரு டீச்சர் நின்னு விரல்ல எண்ணிக்கை காட்டினா போதும். கண்ணால் பாத்துக் கத்துக்க முடியாத அடவு எதுங்க?

6/ "அவங்களுக்குத் தனியா ஒரு நிகழ்ச்சி வெச்சா ஆச்சு" என்பீர்கள். தனிப்போட்டி வேண்டாம்னு சொல்லலை. கேரளாவில் சிறப்புப் பள்ளிகளுக்குன்னே தனிக் கலோத்சவம் நடக்குது. ஆனா கூடப் படிக்கிற பசங்களோட ஆட ஆசைப்படற பையனை "உனக்கு அங்கே தனியா இருக்கு, போ"ன்னு அனுப்பறது ஒதுக்கறதுதான்.

7/ மேடையேத்திட்டு "பாவம், வாய் பேசாத பிள்ளை"ன்னு மைக்கில் அறிமுகம் செஞ்சு ஆறுதல் பரிசு தர்றதும் வேண்டாம். தப்பா ஆடினா மார்க்கைக் குறைங்க. நல்லா ஆடினா கலையரசன், கலையரசி பட்டத்துக்கு அவங்களும் போட்டியாளர்தான்.

8/ இது தர்மம் இல்லை, சட்டம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29வது பிரிவு கலை, பண்பாட்டில் சம பங்கேற்பை உறுதிசெய்யச் சொல்லுது. 17வது பிரிவு, சைகை மொழி தெரிஞ்ச ஆசிரியர்களைப் பயிற்சி கொடுத்து நியமிக்கச் சொல்லுது.

9/ பெற்றோர்களே, உங்க பிள்ளையை ஏன் சேர்க்கலைன்னு தலைமை ஆசிரியரிடம் நேரா கேளுங்க. ஆசிரியர்களே, ஒத்திகையின் முதல் நாளே சேருங்க, கடைசி வாரம் வேண்டாம். பார்க்கப் போறவங்களே, கைதட்டினா அவங்களுக்குக் கேட்காது. ரெண்டு கையையும் மேலே தூக்கி அசைங்க. அவங்க மொழியில் அதுதான் கைதட்டல்.