முயலுக்கு 'அல்வா' கொடுக்காதீங்க!

நெல்லைக்காரங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் முதல்ல கையில ஒரு துண்டு அல்வாவை வெச்சுட்டு, அப்புறம்தான் 'சவுக்கியமா?'ன்னு கேட்போம். காலேஜ் செகண்ட் இயர் படிக்கும்போது எங்க வீட்டுக்கு வந்த வெள்ளை முயல்குட்டிக்கும் நான் அதே மரியாதையைத்தான் செஞ்சேன். பேரு பஞ்சு. அல்வா, பிஸ்கெட், கேரட், முட்டைகோஸ்னு எதை நீட்டினாலும் மூக்கை ஆட்டிக்கிட்டே தின்னும். நாலாவது மாசம் ஒரு ராத்திரி, எதையும் தொடாம மூலையில குறுகி உட்கார்ந்துடுச்சு. 'வயிறு மந்தமா இருக்கும், காலையில சரியாயிடும்'னு படுத்துட்டேன். மறுநாள் சாயங்காலம் பஞ்சு இல்லை.

நான் பாசமா கொடுத்ததுதான் அதோட எமன்னு புரிய ரொம்ப நாள் ஆச்சு. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாமே!

கார்ட்டூன் முயல் கேரட்டைக் கடிக்கிறதைப் பார்த்து வளர்ந்தவங்க நாம. ஆனா முயல் பிறவியிலேயே புல் பார்ட்டி. அதோட பல்லு ஆயுசு முழுக்க வளர்ந்துக்கிட்டே இருக்கும். முன்பல் மட்டும் வருஷத்துக்குச் சுமார் 10 செ.மீ. வளரும். நார் நிறைஞ்ச புல்லை நாள் முழுக்க அரைச்சாத்தான் பல்லு தேயும். இல்லைன்னா கடைவாய்ப் பல்லு கூராகி நாக்கைக் கிழிச்சுடும்.

வயிறும் அப்படித்தான். முயலால வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது குடல் வழியா நகர்ந்தே ஆகணும், அதை நகர்த்துறது நார்தான். இனிப்பும் மாவும் போனா குடல்ல இருக்கிற நல்ல பாக்டீரியா கெட்டு, வாயு சேர்ந்து, குடல் ஸ்டிரைக் பண்ணிடும். பஞ்சுவுக்கு நடந்தது இதுதான்.

இன்னொரு விஷயம். ராத்திரியில முயல் மெத்துன்னு ஒருவகைப் புழுக்கையைப் போட்டு, அதை அப்படியே வாயால எடுத்துத் தின்னும். 'ச்சீ'ன்னு விரட்டாதீங்க. அதுல புரதமும் பி வைட்டமினும் இருக்கு. மாடு அசை போடுற மாதிரி, இது முயலோட ரெண்டாவது ரவுண்டு சாப்பாடு.

சரி, என்னதான் கொடுக்கிறது? தட்டுல பத்துக்கு எட்டு பங்கு புல்லும் காய்ஞ்ச புல்லும்தான். பாக்கெட்டில் வர்ற வெளிநாட்டுப் புல்லு வாங்கப் பாக்கெட் மணி பத்தாதா? கவலையே வேண்டாம். தாமிரபரணி கரையிலயும் வாய்க்கால் ஓரத்திலயும் அருகம்புல்லுக்குப் பஞ்சமே இல்லை. பிள்ளையார் கோயில் வாசல்ல மாலையா விற்கிறாங்களே, அதேதான். கொழுக்கட்டைப் புல்லும் நல்லது. பூஞ்சை பிடிக்காம நல்லா உலர்த்தி வெச்சுக்கங்க. கார், பிசானம் சாகுபடி நேரத்துல வயல் வரப்புப் புல்லை அறுக்காதீங்க. அதுல பூச்சிமருந்து பட்டிருக்கலாம். வைக்கோல் படுக்கைக்கு ஓகே. சாப்பாட்டுக்கு அதை மட்டுமே நம்பினா சத்து பத்தாது.

தினம் ஒரு கைப்பிடி கழுவின இலை: கொத்தமல்லி, புதினா, கேரட்டோட தழை. முருங்கை, அகத்தி, குதிரைமசால்ல கால்சியம் அதிகம். வளர்ந்த முயலுக்கு அது எப்பவாவது கொஞ்சமா போதும். அளவு மீறினா மூத்திரப்பையில சுண்ணாம்பா படியும். கேரட், வாழைப்பழம் வாரத்துக்கு ரெண்டு தடவை, ஒரு சின்னத் துண்டு. வெங்காயம், பூண்டு, சாக்லெட், பிஸ்கெட், அரளி, உன்னிச்செடிக்கு ஸ்ட்ரிக்ட்டா நோ!

கொடைக்கானல் பக்கம் மன்னவனூர்ல மத்திய அரசோட ஆராய்ச்சி மையம் முயல் வளர்க்குது. பண்ணை முயலுக்கு அடர்தீவனம் கூடுதலா போடுறதைப் பார்த்து நீங்களும் கிளம்பிடாதீங்க. அங்கே சீக்கிரம் எடை ஏறணும். உங்க செல்லம் எட்டு, பத்து வருஷம் வாழணும். பெல்லட் தீவனம்னா ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்கு மேல வேண்டாம். புது தீவனத்துக்கு மாறும்போது ஒரு வாரம், பத்து நாள் எடுத்து மெதுவா மாத்துங்க.

மே மாசத்துப் பாளையங்கோட்டை வெயில்ல நாமளே வாடிப் போறோம். அதுவோ கம்பளி போர்த்தின ஜீவன்! மண்சட்டியில எப்பவும் தண்ணி, நிழல், காத்து கட்டாயம். ஐஸ் பாட்டிலைத் துணியில சுத்திப் பக்கத்துல வைங்க.

கடைசியா, ரொம்ப முக்கியமானது. முயல் அரை நாள் சாப்பிடலை, புழுக்கை போடலைன்னா அது அவசரம். 'காலையில பார்த்துக்கலாம்' கிடையாது. நம்ம ஊர் ராமையன்பட்டியிலயே 2012-ல தொடங்கின அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. கூடையைத் தூக்கிட்டு ஓடுங்க. மெடிக்கல் ஷாப்ல நீங்களா மாத்திரை வாங்கிக் கொடுக்காதீங்க. நமக்குச் சாதாரணமா எழுதிக் கொடுக்கிற அமாக்ஸிசிலின், வாய்வழியா போனா முயலோட உயிரையே எடுத்துடும்.

வாங்கறதுக்கு முன்னாடியே யோசிங்க. ஹாஸ்டல் ரூம்ல ரகசியமா வளர்க்கலாம்னு பிளான் போடுற புண்ணியவான்களே, செமஸ்டர் லீவுல அதுக்கு யார் புல் போடுவா? பத்து வருஷம் தினமும் புல் அறுக்க நீங்க தயாரா? 'ஆமா'ன்னா தாராளமா வாங்குங்க.

பஞ்சுவுக்கு நான் கொடுத்த அல்வாவை இப்ப நினைச்சாலும் நெஞ்சு கசக்குது. நீங்க ஒரு பிடி அருகம்புல்லோட போங்க. அதுக்கு அதுதான் அல்வா!