கதிருக்கு அஞ்சாத உயிரணுவும் கதிருக்கு அஞ்சும் நாமும்

அறிவியல் வளர்ந்துவிட்டது என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்த அறிவியல் நம் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்திருக்கிறதா? இக்கேள்வி கடந்த ஆண்டு என்னைத் துளைத்தெடுத்தது.

அப்போது நான் ஓர் இடுபணி எழுதிக்கொண்டிருந்தேன். கதிர்வீச்சுக்கு அடங்காத மார்பகப் புற்றணுக்களை மரபணு அடக்கத்தின் வழி வெல்வது எப்படி என்பதே தலைப்பு. ஆங்கிலத்தில் பன்னிரண்டு பக்கம். அதே வாரம் அம்மா தொலைபேசியில் அழைத்தார். பாகான் செராயில் இருக்கும் அத்தை கதிர்வீச்சுச் சிகிச்சையை ஒன்பது நாளோடு நிறுத்திவிட்டாராம். மருத்துவர் சொல்லியிருந்ததோ பதினைந்து நாள்.

காரணம் கேட்டேன். "உடம்பு உள்ளேயே வெந்துவிடும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். "பேரப்பிள்ளையைத் தூக்காதே, அதற்கும் ஒட்டிக்கொள்ளும்" என்று இன்னொருவர். தினமும் கொமுட்டர் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, பினாங்குக்குக் கடல் தாண்டிப் போய்வரும் அலுப்பு வேறு.

வார இறுதியில் ஊருக்குப் போனேன். "பாப்பா, நீதான் படிச்ச பிள்ளை. நீயே சொல்லு, அந்த மெஷின் என்னதான் செய்யுது?" என்றார் அத்தை. வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவள் நான். ஆனால், உயிரியலை இடைநிலைப்பள்ளியில் மலாயில் கற்றேன். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் கற்கிறேன். பன்னிரண்டு பக்கம் எழுதத் தெரிந்த எனக்கு, பால்மரம் வெட்டி எங்களையெல்லாம் ஆளாக்கிய ஒருவருக்குப் பன்னிரண்டு வரி சொல்லத் தெரியவில்லை.

வெளியே கிரியான் வயல். அதைத்தான் துணைக்கு அழைத்தேன். நெல்லுக்கு நடுவே நெல்லைப் போலவே வளரும் களை ஒன்று உண்டு. மலாய்க்காரர்கள் அதைப் 'பாடி ஆங்கின்' என்பார்கள். புற்றணுவும் அப்படித்தான், அந்நியக் கிருமியன்று, நம் உயிரணுவே தறிகெட்டு வளர்வது. கதிர்வீச்சு அதன் டி.என்.ஏ. இழைகளை உடைக்கிறது. நல்ல உயிரணுக்களும் அடிபடும். ஆனால் அவை பெரும்பாலும் தம்மைப் பழுதுபார்த்துக்கொள்ளும். அதற்காகத்தான் மருந்தளவை நாள்தோறும் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பாதியில் விட்டால், சாகாமல் தப்பிய களை மீண்டும் தலைதூக்க வழி கிடைக்கும். இயந்திரத்தை நிறுத்தியதும் கதிர் நின்றுவிடும், உடம்பில் தங்காது. பேரப்பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம். தோல் கறுக்கும், எரியும், உடம்பு சோரும். தலைமுடி கொட்டாது.

"மருந்தடிச்சும் சாகாத களை இருக்கே, அதுக்கு என்ன வழி?" என்று கேட்டார் அத்தை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் இடுபணியின் தலைப்பை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்!

சில புற்றணுக்கள் உடைந்த டி.என்.ஏ.வை வெகு விரைவாக ஒட்டிக்கொள்கின்றன. அதற்கான புரதங்களை அவை மிகுதியாக உற்பத்தி செய்கின்றன. 'ராட்51' அத்தகைய ஒன்று. தோட்டத்தில் துரை உத்தரவு போடுவார்; கிராணி அதை நகலெடுத்து வேலைக்காட்டுக்கு அனுப்புவார். மரபணு என்பது துரையின் உத்தரவு, ஆர்.என்.ஏ. அதன் நகல். விஞ்ஞானிகள் துரையைத் தொடுவதில்லை. நகலை வழியிலேயே கிழித்துவிடுகிறார்கள். உத்தரவு போய்ச்சேராததால் ஒட்டுகிற வேலை நடக்காது. பிறகு அதே அளவு கதிர் பட்டாலும் கூடுதலான புற்றணுக்கள் மடிகின்றன. இதுவே மரபணு அடக்கம்.

இதன் அடிப்படையை ஆண்ட்ரூ ஃபயர், கிரேக் மெல்லோ ஆகியோர் 1998இல் ஒரு சின்னஞ்சிறு புழுவில் கண்டறிந்தனர். 2006இல் நோபல் பரிசு பெற்றனர். ஏறக்குறைய 21 எழுத்து நீளமுள்ள சிறு ஆர்.என்.ஏ. துண்டுகள் மனித உயிரணுவிலும் இவ்வேலையைச் செய்யும் என்பது 2001இல் தெளிவாயிற்று. இம்முறையில் அமைந்த முதல் மருந்துக்கு 2018இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ஆனால் அது ஓர் அரிய பரம்பரை நோய்க்கானது. கல்லீரலில் உருவாகும் புரதத்தைக் குறைப்பது. மார்பகப் புற்றுக்கு இம்முறை இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டி மருத்துவமனை வழக்கத்திற்கு வரவில்லை. காரணம், வெறும் ஆர்.என்.ஏ. இரத்தத்தில் சிதைந்துவிடும். கட்டியைத் தேடிப் போய்ச் சேர்ப்பதும் கடினம். நல்ல உயிரணுவின் பழுதுபார்க்கும் திறனையும் சேர்த்து அடக்கிவிட்டால் ஆபத்து. "மரபணு மருந்து வந்துவிட்டது" என்று யாராவது புலனத்தில் அனுப்பினால் நம்பாதீர்கள்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். புற்றணுவின் எதிர்ப்பை வெல்ல விஞ்ஞானிகளுக்கு இன்னும் காலம் தேவை. நம் வீட்டில் இருக்கும் எதிர்ப்பை வெல்ல நமக்கு எதற்குக் காலம்? 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, மலேசியாவில் மார்பகப் புற்று கண்டறியப்பட்ட பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் மருத்துவரிடம் வந்து சேர்ந்தனர். முதற்கட்டத்தில் வந்தோரில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் 87.5 விழுக்காடு, நான்காம் கட்டத்தில் 23.3 என்கிறது 2018இல் வெளியான சுகாதார அமைச்சின் ஆய்வு. இவ்விரு எண்களுக்கும் இடையில் இருப்பது மருந்து மட்டுமா? பயம், வெட்கம், வதந்தி, பயணச்செலவு எல்லாம் இருக்கின்றன.

"விளக்குவது மருத்துவர் வேலை, அரைகுறையாகப் படித்த மாணவர்கள் தலையிடலாமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாம் சிகிச்சை சொல்லக்கூடாது. ஆனால், மருத்துவர் சொன்னதைப் புரியும் மொழியில் எடுத்துச் சொல்லலாம்; புரியாததைக் கேட்க உடன் போகலாம். நாம் வாய்மூடி இருந்தால் அந்த இடத்தில் பக்கத்து வீட்டு வதந்தி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சென்னை அடையாற்றில் 1954இல் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அது பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கியது. அங்கே வாழ்நாளெல்லாம் உழைத்து 2021இல் மறைந்த டாக்டர் சாந்தா, நோயோடு நோயைப் பற்றிய பயத்தையும் எதிர்த்துப் போராடினார். நம்மிடம் பன்னிரண்டு படுக்கைகள் இல்லை, மொழி இருக்கிறது.

நம் கழகம் ஆண்டுதோறும் பட்டிமன்றமும் கலை இரவும் நடத்துகிறது. நடத்தட்டும். அதோடு, மருத்துவம், மருந்தியல், உயிரியல் பயிலும் உறுப்பினர்கள் ஆண்டுக்கொரு நோயைப் பற்றி இரண்டு பக்கத் துண்டறிக்கை தமிழில் எழுதட்டும். மருத்துவர்களாகிவிட்ட முன்னாள் மாணவர்கள் அதைத் திருத்திக் கொடுக்கட்டும். கோயிலிலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும் அது கைமாறட்டும். தமிழ் வளர்ப்பது என்பது இதுவுமன்றோ?

அத்தை திரும்பிப் போனார். இடையில் நாள் விட்டதற்கு மருத்துவர் கடிந்துகொண்டாராம். மீதமிருந்த ஆறு நாளையும் முடித்துவிட்டார். இப்போது பரிசோதனைக்குப் போய்வருகிறார். அந்த இடைவெளியால் கெடுதல் உண்டா இல்லையா என்பதை வரும் ஆண்டுகள்தான் சொல்ல வேண்டும். என் இடுபணிக்கு நல்ல புள்ளி கிடைத்தது. ஆனால், அதன் முதல் வாசகி அத்தையாக இருந்திருந்தால் அந்த இடைவெளியே விழுந்திருக்காது.

இந்த விடுமுறைக்கு ஊர் திரும்பும் தோழர்களே, தோழியரே! படித்ததில் ஒன்றையாவது வீட்டில் தமிழில் சொல்லுங்கள். சொல்ல வராவிட்டால், நாம் அதை இன்னும் சரியாகப் படிக்கவில்லை என்று பொருள்.