ஸ்டேஜ் எத்தனைன்னு கேட்கறதுக்கு முன்னாடி...

1/
நுரையீரல்ல ஒரு நிழல். எண்டோஸ்கோப்பி பண்ணினா இரைப்பையில ஒரு புண். ரெண்டு இடத்துலயும் பயாப்ஸி எடுத்தா லிம்ஃபோமா. "பரவிடுச்சு, நாலாவது ஸ்டேஜ், அவ்வளவுதான்" என்று குடும்பமே உடைந்துவிடும். அவசரப்படாதீங்க என்பதுதான் என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

2/
முதலில் இது எந்த வகை லிம்ஃபோமா? இப்படி ரெண்டு இடத்திலும் வரக்கூடிய அரிய வகை ஒன்று, மால்ட் லிம்ஃபோமா. 1983இல் ஐசக்சன், ரைட் என்ற இரு மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். சளிச்சவ்வு உள்ள உறுப்புகளில் தொடங்கும். பெரும்பாலும் மெதுவாகத்தான் வளரும்.

3/
ஏன் ரெண்டு இடம்? சளிச்சவ்வைக் காக்கும் பி செல்கள் ரத்தத்தில் சுற்றிவிட்டு மறுபடி சளிச்சவ்வுக்கே திரும்பும். புற்றாக மாறிய பிறகும் அந்தப் பழக்கம் போறதில்ல. அதனால் ஒரே நோய் இரு உறுப்பிலும் தெரியலாம். சிலருக்குத் தனித்தனியாகத் தோன்றிய இரண்டாகவும் இருக்கலாம்.

4/
இரைப்பையில் இதைத் தூண்டுவது பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி. 1993இல் வெளியான ஆய்வில், அந்தக் கிருமியை ஒழித்ததும் 6 பேரில் 5 பேருக்குக் கட்டி மறைந்தது. வெறும் ஆன்டிபயாட்டிக்! ஆனா எல்லோருக்கும் இது நடக்காது. 11, 18ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்ட வகை பொதுவாக இதற்கு மசியாது. நுரையீரல் கட்டி இதனாலேயே கரையும்னும் எதிர்பார்க்கக்கூடாது.

5/
நம்ம ஊர்ல இன்னொரு சிக்கல்: எக்ஸ்ரேயில் நிழல்னா உடனே டிபி சந்தேகம். சந்தேகப்படுவது சரிதான். ஆனா சளியில் கிருமி இல்லை, மாத்திரை சாப்பிட்டும் நிழல் அப்படியே இருக்குன்னா, "பயாப்ஸி எடுக்கலாமா டாக்டர்?"னு தயங்காம கேளுங்க.

6/
சக மருத்துவர்களுக்கு: நுரையீரலில் மால்ட் கண்டால் இரைப்பையையும் பாருங்கள். இரைப்பையில் கண்டால் நெஞ்சுக்கு சிடி எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்து வைத்தியம் தொடங்குவது அரைகுறை வேலை.

7/
மெதுவான நோய்தானேன்னு ஃபாலோ-அப் விட்டுடக்கூடாது. சிலருக்கு இது வேகமான லிம்ஃபோமாவாக மாறும். அப்போ சிகிச்சையே வேறு.

8/
மெதுவான வகையோடு பல ஆண்டுகள் நன்றாக வாழ்பவர்கள் உண்டு. சிலருக்குக் கண்காணிப்பே போதும். சிலருக்கு ரிட்டுக்சிமாப், கதிர்வீச்சு, கீமோ தேவைப்படும். அதனால ஸ்டேஜ் எத்தனைன்னு கேட்கறதுக்கு முன்னாடி, என்ன வகைன்னு கேளுங்க. பாதி பயம் அங்கேயே தெளியும்.