யார் கூட்டிப் போகிறார்?

குளத்தூர் பக்கம் பிள்ளைகள் கபடிப் போட்டிக்கு வேன் ஏறும்போது, கூட்டிப்போவது யார் என்று பெற்றோர் கேட்கத் தயங்கக் கூடாது.

2021 மே மாதம் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர், சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கு எதிரான போக்சோ சட்டத்தில் கைதானார். முதலில் புகார் சொன்னவர் அவரிடம் பயிற்சி பெற்ற பெண். பிறகு மேலும் சிலர் முன்வந்தனர். அணித் தேர்வும் சான்றிதழும், அதை நம்பியிருக்கும் விளையாட்டு ஒதுக்கீடும் ஒரே ஆளின் கையில் இருக்கையில் பதின்மூன்று வயதுப் பிள்ளை யாரிடம் வாய் திறக்கும்?

2012-இல் வந்த அந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, இத்தகைய குற்றம் பற்றித் தெரிந்தவர் எவரும் புகார் தரவேண்டும் என்கிறது. ஊர் மானம் கருதி மூடி மறைப்பதும் குற்றமே.

சிறுமிகள் அணியுடன் பெண் ஒருவர் கட்டாயம் போகட்டும். மைதானச் சுவரில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பெரிதாக எழுத ஒரு டப்பா பெயின்ட் போதும்.