நூறு வரை ஓடும் நகர்த்தி

புது அளம் என்பதே புத்தளம் ஆயிற்று என்பர். அப்பெயர் பூண்ட மாவட்டத்திற் கணினி பயிலும் எம் மாணவர், உப்பளத்தைக் காணாமலே உப்பளத்துக்குச் செய்நிரல் எழுதுகின்றனர். இதுபற்றிப் பழைய மாணவனாகிய யான் ஒரு சொல் கூற விழைகின்றேன்.

அண்மையில் மாணவன் ஒருவன் தான் ஆக்கிய உரையாடற் பெட்டியொன்றைக் காட்டினான். பாத்தி நீரின் செறிவை ‘ஸ்லைடர்’ எனும் நகர்த்தியாற் குறித்தால், அந்நீரை எப்பாத்திக்கு விடலாம் என அது கூறும். எண்ணம் நன்றே. ஆயின் நகர்த்தி 0 முதல் 100 வரை ஓடியது.

“ஏன் நூறு?” என வினவினேன்.

“அது தானாகவே அப்படித்தான் வரும், சேர்.”

உண்மைதான். நாம் எல்லை வகுக்காவிடின் விண்டோஸ் நூறு என்றே கொள்ளும். உப்பளம் அவ்வாறு கொள்ளுமோ?

போமே மானியிற் கடல்நீர் ஏறக்குறைய மூன்று பாகை காட்டும். அது பத்திலொரு பங்காக வற்றி 25 பாகையை எட்டும்போதே கறியுப்புப் படியத் தொடங்கும். 30ஐ அண்மினால் மக்னீசிய உப்புகள் மிகுந்து கைப்பு ஏறும். அந்நீரை வெளியேற்றல் வேண்டும். எனவே நமக்கு வேண்டிய எல்லை முப்பதே. நூறு வரை ஓடும் நகர்த்தியிற் பெரும்பகுதி வீண்; எஞ்சிய சிற்றிடத்திற் கை சற்றே வழுவினும் கணக்குப் பிழைக்கும்.

விளைவுப் பாத்தியில் அரைப்பாகையும் பொருட்படும். நகர்த்தியோ முழுவெண் அன்றி வேறறியாது. ஆதலின் எல்லையை 0 முதல் 300 என வகுத்து, காட்டும்போது பத்தால் வகுத்தல் தகும். சிறிய பெட்டியிற் சுட்டியால் ஒவ்வோர் எண்ணையும் தொடுதல் அரிது. அம்புவிசை அதற்கு உதவும். அருகே எண்ணைத் தட்டெழுத ஒரு கட்டமும் வைத்தல் நன்று. பிறிதொன்று: நகர்த்தி அசையும் செய்தி அதனைத் தாங்கிய உரையாடற் பெட்டிக்கே செல்லும். இதனை அறியாது நகர்த்தியினுள்ளே விடை தேடி இரவெல்லாம் விழித்தவருள் யானும் ஒருவன்!

இவற்றை நூல் கற்பிக்கும். முப்பது என்ற எண்ணை மட்டும் நூலிலன்றிப் பாத்தியோரத்தில் நிற்பவரிடமே கேட்டறிதல் வேண்டும் என்பது என் துணிபு. பாடநேரம் போதாதென ஆசிரியர் சிலர் கூறுவர், யான் உடன்படேன். மழையற்ற நாளொன்றில், கணினி வகுப்பைப் பாலாவி உப்பளத்துக்கு அழைத்துச் சென்று, மானியை மாணவர் கையிற் கொடுப்பாராக. போக்குவரத்துச் செலவைப் பழைய மாணவர் சங்கம் ஏற்கலாம். முதற் பங்கை யான் தருவேன்.