புண்ணில் புழு... மருந்தா, ஆபத்தா?

தைப்பூசம் வந்தால் திண்டுக்கல்லில் இருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி போகும் சாலை முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம்தான். பலர் வெறுங்காலில் நடப்பார்கள். அவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்காகவே இந்த வாரப் பகுதி.

சர்க்கரை பல வருடங்கள் கட்டுக்குள் இல்லாவிட்டால் பாதம் மரத்துப்போகும். முள் குத்தினாலும், கொப்புளம் உடைந்தாலும் வலி தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்தால் புண் ஆறாமல் சதை அழுகும். அதை அகற்றினால்தான் புதுச் சதை வளரும். வழக்கமாக டாக்டர்கள் அதை வெட்டி எடுப்பார்கள். சில நாடுகளில் அந்த வேலையை ஈயின் புழுவிடமே ஒப்படைக்கிறார்கள்!

1917-ல், முதல் உலகப் போரில், தொடை எலும்பு முறிந்து ஏழு நாள் களத்திலேயே கிடந்த இரண்டு வீரர்களுக்கு அமெரிக்க டாக்டர் வில்லியம் பேயர் சிகிச்சை அளித்தார். புண்ணெல்லாம் புழு. ஆனால், காய்ச்சல் இல்லை. புழுக்களைக் கழுவிவிட்டுப் பார்த்தால் அடியில் இளஞ்சிவப்பாகப் புதுச் சதை! 1928-ல் பால்டிமோரில், எலும்பில் சீழ் பிடித்த நோயாளிகளுக்கு இதையே சிகிச்சையாகக் கொடுக்க ஆரம்பித்தார். ஆன்டிபயாடிக் மருந்துகள் வந்ததும் இது மறக்கப்பட்டது. அந்த மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகியதும் திரும்பி வந்தது. 2004-ல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி அளித்தது.

ஒருவகைப் பச்சை ஈயின் முட்டைகளைக் கிருமிநீக்கம் செய்து, பொரிந்த புழுக்களைப் புண்ணில் விட்டு, வலைத்துணியால் மூடுவார்கள். அவை சுரக்கும் நீர் செத்த சதையைக் கரைக்கும். அதை அவை உறிஞ்சிவிடும். இரண்டு மூன்று நாளில் எடுத்துவிடுவார்கள்.

'அப்படியானால் புண்ணில் தானாக வந்த புழுவும் நல்லதுதானே?' இல்லவே இல்லை. மாட்டுப் புண்ணைத் துளைத்துக்கொண்டு போகும் புழுவைப் பார்த்திருப்பீர்கள். அது வேறு ஈயின் புழு. உயிருள்ள சதையையே தின்னும். மனிதர்களையும் விடாது. புண்ணில் புழு தெரிந்தால் மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பாதயாத்திரை போகிறவர்கள் முதலில் டாக்டரிடம் பாதத்தைக் காட்டுங்கள். மரத்துப்போன பாதம் என்றால் மெத்தென்ற செருப்பு கட்டாயம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். தங்கும் இடங்களில் எல்லாம் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். சின்னக் கொப்புளம் என்றாலும் நடையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். வலிக்கவில்லையே என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். பல கால்கள் பறிபோவது அந்த நினைப்பால்தான்.